கிடாவுக்கு வயசாகிறது

எங்கள் பக்கத்தில் வயசான கிடாவை யாரும் பார்த்ததில்லை. வயசான பெட்டை ஆடு உண்டு. பல் விழுந்து, மடி தொங்கி, குட்டி போட்டுப் போட்டு முதுகு வளைந்ததெல்லாம் ஒவ்வொரு ஆட்டுக்கிடையிலும் நிற்கும். கிடா அப்படியில்லை. தாடி நீளும் முன்னால் சந்தைக்குப் போய்விடும், தப்பினால் சாமிக்குப் போய்விடும். ஆடு மேய்க்கிற வீட்டில் பிறந்த எனக்கும், வாழ்நாள் பூராவும் ஆட்டுக்குப் பின்னால் நடந்த என் அப்பாவுக்கும்கூட, ஒரு கிடா கிழடு தட்டினால் எப்படி இருக்கும் என்று தெரியாது. நான் சி.ஏ. கடைசிப் பரீட்சையில் திரும்பத் திரும்ப ஃபெயிலானதால்தான் ஊருக்கே அது தெரிந்தது.

எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். எண்ணினால் எனக்குக் கோபம் வரும்.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவில் ரோட்டோரமாக இருக்கிறது. டிரைவருக்கு மனசிருந்தால் பஸ் நிற்கும். பி.காம். முடித்துவிட்டுக் கோவில்பட்டியில் ஓர் ஆடிட்டரிடம் வேலை பழகச் சேர்ந்தேன். தீப்பெட்டி ஆபீஸ், கடலைமிட்டாய்க் கடை, பருத்தி மில் என்று அவரிடம் வராத கணக்கில்லை. கடைசிப் பரீட்சையில் இரண்டு குரூப். முதல் குரூப்பை ஒரே தடவையில் தாண்டிவிட்டேன். அதுதான் வினையாகப் போயிற்று. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே ஊருக்கு மேற்கே இருக்கிற மாடன் கோயிலுக்குப் போய், "எம்மவ ஆடிட்டர் பாஸாயிட்டான்னா ஒனக்கு ஒரு கெடா தாரேன்யா" என்று நேர்ந்துவிட்டு வந்தாள்.

அப்பா சாயங்காலம் ஆட்டை அடைத்துவிட்டு வந்து கேட்டார்.

"எந்தக் கொடைக்குன்னு சொன்னியா?"

"அவ பாஸானதும்னு சொன்னேன்."

"வருசம் சொல்லலியா?"

"ஆறு மாசத்துல முடிக்கப் போறா. அதுக்கு என்னத்துக்கு வருசம்?"

அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். எங்கள் பக்கம் கிடா நேர்வதற்கு ஒரு முறை இருக்கிறது. காரியத்தைச் சொல்லி, எந்த வருசத்துக் கொடைக்குள் என்றும் சொல்ல வேண்டும். கொடை என்பது ஆடி மாசம் மாடனுக்கு நடக்கும் திருவிழா. அந்தக் கொடைக்குள் காரியம் முடிந்தால் கிடாவைக் கொடுத்துவிடுவார்கள். முடியாவிட்டால் சாமியிடம் சொல்லிவிட்டு மந்தையில் சேர்த்துக்கொள்வார்கள். ஏதோ ஒரு பக்கம் கணக்குத் தீர்ந்துவிடும். அம்மா வருசம் சொல்லாமல் மொட்டையாக நேர்ந்துவிட்டாள். நேர்ந்த வாக்கைப் பிறகு திருத்துவதற்கு வழியில்லை.

அந்த வாரம் மந்தையில் பிறந்த ஒரு கருங்குட்டியின் இடது காதைக் கீறி விட்டார்கள். அன்றிலிருந்து அது சாமி சொத்து. கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, காயடிக்கக் கூடாது. யார் காட்டில் புகுந்து பயிரை மேய்ந்தாலும் வாயால்தான் விரட்ட வேண்டும்.

அடுத்த பரீட்சையில் இரண்டாவது குரூப்பை எழுதினேன். எந்தத் தாளிலும் தனியாகத் தவறவில்லை. எல்லாவற்றையும் கூட்டினால் வர வேண்டிய பாதி மார்க் மட்டும் வரவில்லை. கொஞ்சத்தில் போயிற்று. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று ஆபீஸில் சொன்னார்கள். நானும் சிரித்துக்கொண்டேன். கிடாவுக்கு அப்போது கொம்பு முளைத்துக்கொண்டிருந்தது.

அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவையும்.

நான் படிக்காமல் எழுதினேன் என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. வரிச் சட்டத்தை வரிவரியாகச் சொல்வேன். பழைய கேள்வித்தாள் எல்லாவற்றையும் கடிகாரம் வைத்து எழுதிப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் என்னிடம் சந்தேகம் கேட்டு, என்னிடமே பாடம் படித்து, பாஸாகி இனிப்பு கொண்டுவந்தார்கள். தின்றேன். "ஒன்னயவிடப் படிச்ச பிள்ளைய நான் பாக்கல. என்னமோ தட்டுதும்மா" என்றார் எங்கள் ஆடிட்டர். அந்த என்னமோ எது என்று தெரிந்தால் அதன் கழுத்தை நெரித்திருப்பேன்.

ஊரில் ஒருவரும் என்னைக் குத்திப் பேசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எல்லாரும் கிடாவைப் பற்றியே பேசினார்கள். பஸ் ஸ்டாப் பக்கத்தில் காடு வைத்திருக்கிற பெரியம்மா ஒருத்தி என்னை வழிமறித்துக் கேட்டாள்.

"எம்மா ஆடிட்டரு, எப்பம்மா பாஸாவ?"

"பாஸாவேன் பெரிம்மா."

"நீ பைய ஆவ. எம் பாசிப்பயறு பூராம் அது வயித்துக்குள்ள போவுதே. சாமி கெடாவ அடிக்கக் கூடாது. ஒன்னய ரெண்டு சாத்து சாத்தலாமா?"

பக்கத்தில் நின்ற அண்ணாச்சி, "ஆட்டுக்கு வால அளந்துதான் வச்சிருக்கான். ஆயுச மட்டும் அளக்காம வுட்டுட்டான் போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது அழுதேன்.

நான் ஃபெயிலாக ஃபெயிலாக அது வளர்ந்தது. எங்கள் யாருக்கும் பழக்கமில்லாத உருவமாக ஆகிக்கொண்டே போனது. கொம்பு பின்னால் வளைந்து, திரும்பி, முதுகைத் தொடப் பார்த்தது. தாடி முழங்காலுக்கு இறங்கியது. கறுப்பு மயிர் செம்பட்டை பாய்ந்து நரைத்தது. மற்ற வீட்டு ஆடுகள் அது வந்தால் ஒதுங்கி வழி விட்டன. அப்பாவே ஒரு நாள், "கெடா மூஞ்சி இப்பிடி ஆவும்னு எனக்குத் தெரியாதுட்டி" என்றார். அதைச் சொல்லும்போது அவர் அதைப் பார்க்கவில்லை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று. அது கத்தியதே இல்லை. குட்டியாக இருந்தபோது தாயைத் தேடிக்கூடக் கத்தவில்லை. பருவத்துக்கு வந்த கிடா பெட்டையைச் சுற்றிக் கனைக்கும், நாக்கைத் துருத்தும், ஊரே நாறும்படி வீச்சம் அடிக்கும். இதற்கு வீச்சம் மட்டும் இருந்தது, சத்தம் இல்லை. பின்னால் வந்து நின்றால் மூக்குதான் சொல்லும்.

ரிசல்ட் நாளன்று அது வாசலில் வந்து படுக்கும் என்பதை முதலில் கவனித்தது அம்மாதான். மற்ற நாளெல்லாம் எங்கே மேயும், எங்கே தூங்கும் என்று யாருக்கும் தெரியாது. ரிசல்ட் வருகிற நாள் மட்டும் காலையிலேயே வாசற்படியை அடைத்துக்கொண்டு, வீட்டுக்குள் பார்த்தபடி படுத்திருக்கும். "சவத்த விடும்மா, நெழலுக்கு வந்து கெடக்கு" என்று நான் சத்தம் போட்டேன். தை மாசத்துப் பனியில் காலை நேரத்தில் என்ன நிழல் என்று அம்மா கேட்கவில்லை. போனைத் திறந்தேன். ஃபெயில். நிமிர்ந்து பார்த்தேன். அது என்னைப் பார்த்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஆட்டின் கண்ணில் கருமணி உருண்டையாக இருக்காது, படுக்கைவாட்டில் ஒரு கோடாக இருக்கும். பிறந்ததிலிருந்து பார்த்த கண்தான். அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பரீட்சை எழுதிவிட்டுத் திருநெல்வேலியிலிருந்து கயத்தாறு, கோவில்பட்டி என்று பஸ் மாறி வந்து இறங்கினாலும் அது நிற்கும். எங்கள் பஸ் ஸ்டாப்பில் ஒரு வேம்பு. அதன் அடியில் தனியாக, ரோட்டைப் பார்த்து. நான் இறங்கியதும் பக்கத்தில் வராது. திரும்பி முன்னால் நடக்கும். வீட்டு முக்கு வந்ததும் காட்டுக்குள் விலகிப் போய்விடும். பார்த்தவர்கள், "ஆடிட்டரக் கூட்டிட்டுப் போவ ஆளு வந்துட்டு" என்று கேலி செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எந்த பஸ்ஸில் வருவேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு நவம்பரில் பரீட்சை ஹாலிலேயே அந்த வீச்சம் வந்தது.

திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடம், இரண்டாவது மாடி. வெளியே மழை. மறைமுக வரித் தாள். நன்றாக எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி ஒரு மணி நேரம் இருக்கும்போது ஈரம் பட்ட கிடா வீச்சம் முகத்துக்கு நேராக அடித்தது. ஆட்டுக்காரி மூக்கு பொய் சொல்லாது. பக்கத்து பெஞ்சுப் பெண்ணைப் பார்த்தேன், அவள் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தாள். மேற்பார்வைக்கு நின்ற சாரிடம், "சார், கீழ ஆடு ஏதும் கெட்டியிருக்கா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "இங்கன எங்கம்மா ஆடு? தண்ணி குடிச்சிட்டு எழுதுங்க" என்றார். எழுதினேன். ஆனால் கை தன் பாட்டுக்குப் போயிற்று, மனசு வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டது. இதுவும் போச்சு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

போகத்தான் செய்தது.

அன்றைக்கு வாசலில் படுத்திருந்த கிடாவைத் தாண்டிப் புத்தகங்களை எல்லாம் முற்றத்தில் வீசினேன். "இனி எழுத மாட்டேன். மாசச் சம்பளத்துக்குக் கணக்கு எழுதிட்டுக் கெடக்கேன். ஆள விடுங்க" என்று கத்தினேன். அம்மா ஒவ்வொரு புத்தகமாகப் பொறுக்கித் தூசி தட்டினாள்.

"எழுத வேண்டாம். கெடாவ என்ன செய்ய?"

"எதுவும் செய்யி."

"வெட்ட முடியாதுட்டி, நீ பாஸாவல. மந்தையில சேக்க முடியாது, சாமிக்குன்னு சொல்லியாச்சு. அதுக்கு ஒரு வழி சொல்லிட்டு நீ நிறுத்து."

"என் பரீச்ச பெருசா, அந்த எழவெடுத்த கெடா பெருசா?"

"ரெண்டும் ஒண்ணாத்தானட்டி போயிட்டு" என்றாள் அம்மா.

மற்றவர்களுக்கெல்லாம் ஒரு கட்டத்தில் போதும் என்று நிறுத்திக்கொள்ள உரிமை இருக்கிறது. எனக்கு அதுவும் இல்லை. நான் நிறுத்தினால் அது சாகாமலும் வாழாமலும் நடுவில் நிற்கும், தினம் என் கண் முன்னால் நிற்கும். பாஸானால் ஒழிய எங்கள் இரண்டு பேருக்கும் விடுதலை இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு அது முழுசாக விளங்கியது. ஊர்க்காரர்கள் கேலியாகச் சொன்னதை நான் பயத்தோடு ஒத்துக்கொண்டேன்.

அந்தக் கோடையில் மறுபடி ஆரம்பித்தேன். வீட்டில் ஓடு கொதிக்கும், அதனால் பகலில் எங்கள் காட்டில் இருக்கிற ஒரு தனி உடைமுள் மரத்தடியில் போய் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன். "உச்சிக்குத் தனியாப் போவாத, அது மாடன் நடமாடுத நேரம்" என்பாள் அம்மா. கோடைக் கரிசல் ஆள் கால் போகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்குள் எட்டிப் பார்த்தால் அடி தெரியாது. தூரத்தில் காற்றாலைகள் விடாமல் உறுமிக்கொண்டிருக்கும். எங்களுக்கு அது பழகிப்போன சத்தம், நின்றால்தான் திக்கென்று இருக்கும்.

ஒரு நாள் உச்சியில் காற்று சட்டென்று நின்றது. இறக்கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. குருவிச் சத்தம்கூட இல்லை. அப்போதுதான் பின்னால் அசைபோடும் சத்தம் கேட்டது. மரத்தின் அந்தப் பக்கம் அது படுத்திருந்தது. எப்போது வந்ததோ.

விரட்டினேன், போகவில்லை. கல்லை எடுத்தேன், சாமி கிடா என்று கீழே போட்டேன். "கெடந்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்தேன். அது தாடையை ஒரே தாளத்தில் அசைத்தது. நானும் அந்தத் தாளத்துக்குச் சொல்லிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் மெல்லும் சத்தம் நின்றது.

நானும் நின்றேன். அது என்னையே பார்த்தது. என்ன தோன்றியதோ, புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். நான் சொன்னது தப்பு. வரிவிலக்கு ஒன்றை விட்டுவிட்டு அடுத்த பிரிவுக்குத் தாவியிருந்தேன். வருசக்கணக்காக அந்த இடத்தைத் தப்பாகத்தான் சொல்லி வந்திருக்கிறேன் போலிருக்கிறது. திருத்திச் சொன்னேன். அது மறுபடி மெல்ல ஆரம்பித்தது.

பையை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். நான் படித்தவள். தப்பு வருகிற இடத்தில் என் குரலே எனக்குத் தெரியாமல் இறங்கியிருக்கும். ஆட்டுக்குக் காது கூர்மை, குரல் மாறினால் மெல்வதை நிறுத்திக் கேட்கும். எல்லா ஆடும் அப்படித்தான். இப்படிச் சொல்லிக்கொண்டு மறுநாள் உச்சிக்கு அதே மரத்தடிக்குப் போனேன். அது எனக்கு முன்னால் வந்து படுத்திருந்தது.

அதற்கப்புறம் தினமும் போனேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். பயத்தோடுதான் போனேன். அது மெல்லும், நான் சொல்வேன். அது நிறுத்தும், நான் பார்ப்பேன். நிறுத்திய இடத்தில் தப்பில்லாமல் ஒரு நாளும் இருந்ததில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்து எனக்கும் ஒரு கிடா நேர வேண்டியிருக்கும், புத்தி தெளிய.

மே மாதம் பரீட்சைக்குப் போனேன். அதே பள்ளிக்கூடம். கடைசி ஒரு மணி நேரத்தில் வீச்சம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. மூக்கை உறிஞ்சித் தேடினேன். சாக்பீஸ் வாடை, பக்கத்துப் பெண்ணின் தலையில் வாடிய மல்லிகை வாடை, வேறொன்றும் இல்லை. வராததற்கு ஏன் அப்படிப் பதறினேன் என்று தெரியவில்லை. சாயங்காலம் ஊரில் இறங்கினேன். வேப்பமரத்தடி காலியாக இருந்தது. தனியாக வீட்டுக்கு நடந்தேன்.

ரிசல்ட் ஆடி முதல் வாரத்தில் வந்தது. அம்மா விடிந்ததும் வாசலைத் திறந்து பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"ஏட்டி, கெடாவக் காணும்."

நான் போனைத் திறந்தேன். நம்பரை இரண்டு முறை தப்பாக அடித்தேன். பாஸ்.

அம்மா போட்ட குலவையில் தெருவே கூடிவிட்டது. அப்பா என் தலையில் கை வைத்தார், எடுக்கவே இல்லை. பாசிப்பயறுப் பெரியம்மா மூச்சிரைக்க வந்து, "எங்கம்மா! எம் வெள்ளாமையக் காப்பாத்திட்ட!" என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். நான் சிரித்தேன், அழுதேன், ஆடிட்டருக்குப் போன் போட்டேன், அவரும் அழுதார். இத்தனை வருசமாக என் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. அந்த ஒரு காலைப்பொழுது முழுக்க நான் கிடாவை நினைக்கவே இல்லை.

அதைக் காணவில்லை. அப்பா காடு காடாகத் தேடினார். காற்றாலைக் காவல்காரர்களிடம் கேட்டார். எவனோ பிடித்துக்கொண்டு போய்விட்டான் என்று சிலர் சொன்னார்கள். சாமி கிடாவில் எங்கள் பக்கம் யாரும் கை வைக்க மாட்டார்கள். அம்மா சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்துவிட்டாள். கொடைக்குப் பந்தக்கால் நாட்டுகிற அன்று காலையில் பூசாரி ஆள் விட்டுச் சொன்னார். கிடா கோயிலில் நிற்கிறது. யாரும் கொண்டுவரவில்லை. அதுவாக வந்து மாடன் பீடத்துக்கு எதிரே நிற்கிறது.

கொடை அன்று மதியம் அதற்கு மாலை போட்டார்கள். ஆடிக் காற்று செம்மண்ணும் கரிசலுமாக வாரி இறைத்தது. மேளம் காதைப் பிளந்தது. வெட்டும் முன்னால் கிடாவின் உத்தரவு வேண்டும். மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் ஊற்றுவார்கள். அது உடம்பை உதறிச் சிலுப்ப வேண்டும். துலுக்குவது என்போம். துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். துலுக்காவிட்டால் அரிவாள் இறங்காது.

பூசாரி ஒரு செம்பு ஊற்றினார். அது நின்றது. தண்ணீர் தாடி வழியாகச் சொட்டியது. இன்னொரு செம்பு ஊற்றினார். பிறகு குடத்தோடு ஊற்றினார்கள். ஈ உட்கார்ந்தால்கூடச் சிலுப்புகிற பிராணி, குளிர்ந்த தண்ணீருக்கு ஒரு மயிர்கூட அசையாமல் நின்றது. கூட்டத்துக்குள் யாரையோ தேடுவது மாதிரி பார்த்தது. மேளம் தடுமாறி நின்றுவிட்டது.

பூசாரி அம்மாவிடம் திரும்பினார்.

"நேந்த காரியம் முழுசா முடிஞ்சிட்டா தாயி?"

"முடிஞ்சிட்டுய்யா. பாஸாயிட்டா."

"பெறவு ஏன் துலுக்க மாட்டேங்கு?"

கூட்டம் என் பக்கம் திரும்பியது. ஒருவருக்கொருவர் முணுமுணுத்துக்கொண்டார்கள். அம்மா மெதுவாக என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, கோவப்படாத. நெசமாத்தான் பாஸாயிட்டியா?"

என் காதில் விழுந்ததை நான் நம்பவில்லை. போனை எடுத்துக் காட்டினேன். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அவள் போனைப் பார்க்கவில்லை, கிடாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்து, திரையில் என் பெயரையும் எண்ணையும் மறுபடி வாசித்தேன். அப்போது வந்தது பாருங்கள் கோபம், அப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததே இல்லை. இத்தனை வருசம் நான் கண்விழித்துப் படித்தது, நான் எழுதியது, நான் அழுதது. கடைசியில் என் பாஸுக்கு ஓர் ஆடு சாட்சி சொல்ல வேண்டும். பெற்ற தாய்க்கே அதன் சொல்தான் சொல்.

ஆட்களை விலக்கிக்கொண்டு போனேன். ஈரத்தில் பட்டுச் சேலை சேறாகியது. இத்தனை வருசத்தில் அதை நான் தொட்டதே இல்லை. முதல் தடவையாகக் கொம்பைப் பிடித்தேன். கீறிய காதுப் பக்கம் குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"பாஸாயிட்டேன்லே. நெசமாத்தான். போதுமா?"

மென்றுகொண்டிருந்த தாடை நின்றது. நான் சொன்னதில் தப்பிருக்கிறதா என்று பார்க்கிறதோ என்று தோன்றியது. அந்தக் கோட்டுக் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. பிறகு தாடை ஒரு தடவை அசைந்தது. மெல்ல ஆரம்பித்தது.

அப்புறம் துலுக்கியது. மூக்கு நுனியில் ஆரம்பித்து வால் வரைக்கும், உடம்பு முழுக்க. மஞ்சள் தண்ணீர் என் முகத்திலும் வாயிலும் தெறித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை நாள் அது ஊருக்குள் யார் சொன்னதையும் கேட்கவில்லை. நான் வந்து சொல்லட்டும் என்று நின்றிருக்கிறது. நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"பொறுங்க" என்றேன். ஊரே குலவை போட்டது, மேளம் திரும்ப எழுந்தது. என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அப்பா என்னைத் தோளோடு அணைத்துப் பின்னால் இழுத்தார். அது ஒரே ஒரு தடவை கத்தியது. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து பால் மறக்காத குட்டியின் குரல் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. ஊர் சாப்பிட்டது. கறி வேகவே இல்லை என்று பிறகு குறை சொன்னார்கள்.

இப்போது கோவில்பட்டியில் எனக்குத் தனி ஆபீஸ் இருக்கிறது. அம்மா போன மாசம் என் கல்யாணத்துக்கு ஒரு கிடா நேரலாமா என்று பைய ஆரம்பித்தாள். "வருசம் சொல்லித்தான் நேருவேன்ட்டி" என்றாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறபோது வேப்பமரத்தடியைப் பார்க்காமல் இறங்கி வேகமாக நடக்கிறேன்.

ஆபீஸில் மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபின், கையெழுத்துப் போட வேண்டிய கணக்கைச் சத்தமாக வாசித்துப் பார்ப்பது என் வழக்கம். எங்கேயோ அசைபோடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். அது கேட்கிற வரைக்கும் நிம்மதியாக வாசிப்பேன். சில நாள் நின்றுவிடும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல், அந்த வரியை மறுபடி முதலிலிருந்து கூட்டுவேன். தப்பாகத்தான் இருக்கும்.